42-வது ஃபைல் எங்கே போனது? சிடி படிக்கும் மென்பொருளைச் சோதிப்பது பற்றி

ஒரு சிடியில், ஒரே ஃபோல்டருக்குள் 100 படங்கள் இருக்கின்றன. பழைய வீட்டுக் கணினி ஒன்றில் அந்த சிடியைப் போட்டு ஃபைல் பட்டியலைக் கேட்கிறீர்கள். 41 பெயர்கள் வருகின்றன. பிழைச் செய்தி கிடையாது. கணினி ஹேங் ஆகவும் இல்லை. வந்த 41 படங்களும் அழகாகத் திறக்கின்றன. மீதி 59 படங்கள் அந்த சிடியில் இருந்ததே இல்லை என்பதுபோல மென்பொருள் அமைதியாக இருக்கிறது.

அதை எழுதியவர் சோதிக்காமல் விட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கையில் இருந்த கேம் சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்திருப்பார். அதில் எந்த ஃபோல்டரிலும் இருபது முப்பது ஃபைலுக்கு மேல் இருந்திருக்காது. கேம் ஓடியது, மனிதர் திருப்தியாகிவிட்டார். ஏன் சரியாக 41 என்ற கணக்கைக் கொஞ்சம் கழித்துப் போட்டுக் காட்டுகிறேன். முதலில் இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெட்டி தூக்குபவரும் பதிவேட்டுக்காரரும்

சிடி டிரைவுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது செக்டர் மட்டும்தான். ஒரு பெரிய கிடங்கில் எண் போட்ட பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 2048 பைட் இருக்கும். 74 நிமிட சிடியில் இப்படி 3,33,000 பெட்டிகள். பெருக்கிப் பார்த்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் 650 எம்பி வந்துவிடும். "இத்தனாவது பெட்டியைக் கொண்டுவா" என்றால் டிரைவ் கொண்டுவரும், அவ்வளவுதான்.

அந்த டிரைவோடு பேசத் தெரிந்த சின்ன மென்பொருளுக்கு டிவைஸ் டிரைவர் என்று பெயர். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பதிவேட்டைப் படித்து, அதை ஃபோல்டராகவும் ஃபைலாகவும் நமக்குக் காட்டுவது ஃபைல் சிஸ்டம். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் சிடி படிக்கும் மென்பொருள் என்கிறோம்.

விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் என்ற இயங்குதளத்தின் காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு இந்த இருவரையும் நன்றாகவே தெரியும். கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் டிரைவரை ஏற்றும் வரி ஒன்று. விண்டோஸ் 98 பூட் ஃபிளாப்பியில் வந்த ஓக்சிடிராம்.சிஸ் அப்படிப்பட்ட டிரைவர்தான். ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் எம்எஸ்சிடெக்ஸ் என்ற வரி இன்னொன்று, பதிவேட்டைப் படிக்கும் வேலை அதனுடையது. டிரைவருக்கு ஒரு வரியில் என்ன பெயர் வைத்தோமோ, அதே பெயரை மற்ற வரியிலும் கொடுக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இருவருக்கும் அறிமுகமே ஆகாது, டி டிரைவும் வராது. அந்தக் காலத்தில் "சிடி வேலை செய்யவில்லை" என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எம்எஸ்சிடெக்ஸ் செய்த தந்திரம் எனக்கு இன்றும் பிடிக்கும். 1980-களின் நடுவில் டாஸ் ஒரு டிஸ்கில் 32 எம்பி வரைதான் கையாளும். சிடியோ 650 எம்பி. தவிர, சிடியில் எழுதியிருக்கும் முறையும் டாஸுக்குப் புரியாத பாஷை. ஆனால் டாஸ் 3.1-இல் நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியின் ஃபைல்களைப் பார்க்க ஒரு வாசல் வைத்திருந்தார்கள். அந்த வழியில் வரும் டிரைவ் எவ்வளவு பெரியது, உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று டாஸ் கேட்காது. எம்எஸ்சிடெக்ஸ் அந்த வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. பக்கத்திலேயே இருக்கும் சிடியை எங்கோ தூரத்தில் இருக்கும் நெட்வொர்க் டிரைவ் என்று டாஸை நம்பவைத்தது. சந்தேகமாக இருந்தால் சிடி டிரைவில் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். நெட்வொர்க் டிரைவைச் சோதிக்க முடியாது என்று அது பதில் சொல்லும்.

அமிகா என்ற வீட்டுக் கணினி வேறு கதை. அதைத் தயாரித்த காமடோர் நிறுவனம் 1991-இல் சிடிடிவி, 1993-இல் சிடி32 என்று சிடியோடு சேர்ந்த கருவிகளை விற்றது. ஆனால் அமிகா 1200 போன்ற கணினியில் சிடி டிரைவை வெளியிலிருந்து மாட்டியவர்கள், அமிசிடிராம், ஆசிம்சிடிஎஃப்எஸ் போன்று மற்றவர்கள் எழுதிய ஃபைல் சிஸ்டங்களை நம்பினார்கள்.

16-வது செக்டர்

சிடியில் பதிவேடு எங்கே, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் தொடக்கத்தில் ஒற்றுமை இல்லை. 1985-இல் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையில் இருந்த ஹை சியரா என்ற ஹோட்டலில் பல நிறுவனங்களின் ஆட்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் வகுத்த முறைக்கு அந்த ஹோட்டலின் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கொஞ்சம் திருத்தி 1988-இல் வந்த உலகத் தரம்தான் ஐஎஸ்ஓ 9660. சிடி இமேஜை, அதாவது ஒரு சிடி முழுவதையும் ஒரே ஃபைலாக்கிய நகலை, இன்றும் ஐஎஸ்ஓ ஃபைல் என்கிறோமே, அது இங்கிருந்து வந்த பெயர்.

இந்தத் தரப்படி, 0 முதல் 15 வரையுள்ள செக்டர்கள் வேறு உபயோகத்துக்கு விடப்பட்டவை. 16-வது செக்டரில்தான் சிடியின் முகவரிச் சீட்டு இருக்கும். ஏதாவது ஒரு ஐஎஸ்ஓ ஃபைலை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்து 32,768-வது பைட்டுக்கு (16 பெருக்கல் 2048) போனால், அதற்கு அடுத்த ஐந்து பைட்டில் "சிடி001" என்று ஆங்கில எழுத்தில் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய ஹை சியரா சிடியில் அதே செக்டரில், 9-வது பைட்டிலிருந்து "சிடிராம்" என்று இருக்கும். ஆகவே முதல் சோதனை: இரண்டு வகையையும் மென்பொருள் அடையாளம் காண்கிறதா? இரண்டுமே இல்லாத பாட்டு சிடியைப் போட்டால், "இது என் வகை இல்லை" என்று ஒழுங்காகச் சொல்கிறதா, இல்லை குழம்பிப்போய் நிற்கிறதா?

16-வது செக்டரைக் கேட்பதே சில டிரைவ்களில் லேசான காரியம் இல்லை. சிடி பிறந்தது பாட்டுக்காக. அதனால் அதில் இடத்தைக் குறிப்பதும் நிமிடம், விநாடி, ஒரு விநாடிக்கு 75 துண்டு (ஒரு துண்டு என்பது ஒரு செக்டர்) என்ற கணக்கில்தான். முதல் இரண்டு விநாடி, அதாவது 150 துண்டுகள், முன்னால் ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் கணக்கில் நம் 16-வது செக்டரின் முகவரி 0 நிமிடம், 2 விநாடி, 16 துண்டு. அந்த 150-ஐக் கூட்ட மறந்தாலோ, இரண்டு முறை கூட்டினாலோ, "சிடி001" கிடைக்கவே கிடைக்காது. இது நல்ல வகைப் பிழை. முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாத பிழைகள்தான் நமக்குத் தலைவலி.

41-இன் கணக்கு

சரி, காணாமல் போன படங்களுக்கு வருவோம்.

ஐஎஸ்ஓ 9660-இல் ஒரு ஃபோல்டர் என்பது குறிப்புகளின் வரிசை. ஒரு ஃபைலுக்கு ஒரு குறிப்பு. குறிப்பின் முதல் பைட்டில் அந்தக் குறிப்பு மொத்தம் எத்தனை பைட் என்று எழுதியிருக்கும். ஃபைல் எந்த செக்டரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன தேதி என்பதற்கெல்லாம் சேர்த்து 33 பைட். அதற்குப் பின்னால் பெயர். நம் படங்களின் பெயர் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூன்று எழுத்து, கடைசியில் அரைப்புள்ளியும் 1-உம் என்று மொத்தம் 14 எழுத்து. 33-உம் 14-உம் 47. குறிப்பின் நீளம் இரட்டைப்படையில் முடிய வேண்டும் என்பது விதி. ஆக 48 பைட்.

ஒவ்வொரு ஃபோல்டரின் தொடக்கத்திலும் இரண்டு குறிப்புகள் கட்டாயம் உண்டு: ஒன்று அந்த ஃபோல்டருக்கே, இன்னொன்று அதற்கு மேலே உள்ள ஃபோல்டருக்கு. ஒன்றுக்கு 34 பைட் வீதம் 68. ஒரு செக்டரின் 2048-இல் 68 போக மீதி 1980. அதை 48-ஆல் வகுத்தால் 41 குறிப்புகள் அடங்கும். 12 பைட் மிச்சம்.

42-வது குறிப்பின் முதல் 12 பைட்டை இந்த செக்டரிலும் மீதியை அடுத்த செக்டரிலும் எழுதலாமே என்று தோன்றும். அதற்கு அனுமதி இல்லை. ஒரு குறிப்பு செக்டர் எல்லையைத் தாண்டக் கூடாது. எனவே அந்த 12 பைட்டிலும் பூஜ்யத்தை நிரப்பிவிட்டு, 42-வது குறிப்பை அடுத்த செக்டரின் தொடக்கத்தில் எழுதுவார்கள்.

இப்போது மென்பொருள் எழுதியவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு குறிப்பைப் படிக்கிறீர்கள், முதல் பைட்டில் உள்ள நீளத்தைக் கூட்டி அடுத்ததற்குத் தாவுகிறீர்கள். 41 முறை தாவியதும் நீளம் 0 என்று வருகிறது. "0 என்றால் பட்டியல் முடிந்தது" என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்த 0-வுக்கு "அடுத்த செக்டரைப் பார்" என்று பொருள். ஃபோல்டர் முடிந்ததா என்பதை அதன் மொத்த நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பிழையைப் பிடிக்க ஒரே மாதிரிப் பெயருள்ள 100 சின்ன ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு ஒரு சிடி எழுதினால் போதும். கடையில் வாங்கிய கேம் சிடி ஐம்பதைப் போட்டுப் பார்த்தாலும் இது மாட்டாமல் போகலாம். சோதனை சிடி என்பதன் சூட்சுமமே இதுதான்: ஒவ்வொரு சிடியும் மென்பொருளிடம் குறிப்பிட்ட ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்.

ஒரே எண்ணை இரண்டு முறை எழுதும் வழக்கம்

இன்டெல் சிப் ஒரு பெரிய எண்ணைச் சேமிக்கும்போது சின்ன இலக்கப் பகுதியை முதலில் வைக்கும். அமிகாவிலும் பழைய மேக்கிலும் இருந்த மோட்டரோலா 68000 பெரிய பகுதியை முதலில் வைக்கும். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று, ஐஎஸ்ஓ 9660 முக்கியமான எண்களை இரண்டு முறையிலும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டது. 2048 பைட் நீளமுள்ள ஃபைல் என்றால் அதன் நீளம் 00 08 00 00, அதையடுத்து 00 00 08 00 என்று எட்டு பைட்டாக இருக்கும். பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி ஒரு சமாதானம்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் சிடி தயாரிக்கும் மென்பொருள் சில, இன்டெல் முறைப் பாதியை மட்டும் சரியாக எழுதிவிட்டு மற்றப் பாதியில் குப்பையை விட்டன. பிசியில் சோதித்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது, பிசி அந்தப் பாதியைப் படிப்பதே இல்லையே! அமிகாவுக்கு எழுதுபவர் தன் சிப்புக்கு வசதியான பாதியைப் படிப்பார். அவரிடம் இருக்கும் பத்து சிடியும் ஓடும், யாரோ ஒருவரின் பதினோராவது சிடி ஓடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கு ஒரே வழியாக, மோட்டரோலா முறைப் பாதியைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கோளாறான சிடி தயாரிப்பு மென்பொருள்களால்தான் இப்படி என்று நிரலிலேயே குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து வரும் சோதனை: நல்ல ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்றை எடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு ஃபைலின் நீளத்தில் இரண்டாவது பாதியை மட்டும் வேண்டுமென்றே கெடுத்து வையுங்கள். தரப்படி அது தப்பான சிடிதான். ஆனால் வாங்கியவரிடம் "உங்கள் சிடி தப்பு" என்று சொல்லிப் பயனில்லை, பக்கத்து வீட்டுப் பிசியில் அது ஓடுகிறதே.

128 எம்பி, 64 மணி நேரம்

எல்லை தாண்டும் இடங்களில்தான் பிழைகள் குடியிருக்கும். செக்டர் எண்ணை 16 பிட்டில் சேமித்தால் 65,535 வரைதான் எண்ண முடியும். 65,536 செக்டர் என்றால் சரியாக 128 எம்பி. 128 எம்பிக்கும் குறைவாக எழுதிய சிடியில் எல்லாம் சுபம். நிரம்பிய சிடியில் 128 எம்பிக்கு அப்பால் இருக்கும் ஃபைலைக் கேட்டால், எண் சுற்றி வந்து, சிடியின் தொடக்கத்தில் உள்ள வேறு எதையோ எடுத்துக் கொடுக்கும். பெயர் சரி, நீளம் சரி, உள்ளடக்கம் மட்டும் வேறு ஃபைலுடையது! அதனால் பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து, அதன் எம்டி5 செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) நம்பகமான வேறொரு கணினியில் எடுத்ததோடு ஒப்பிட வேண்டும். ஒற்றை வேக டிரைவ் விநாடிக்கு 75 செக்டர், அதாவது 150 கேபி படிக்கும். நிரம்பிய சிடியை அதில் ஒருமுறை படித்து முடிக்க 74 நிமிடம் ஆகும். சமையலை முடித்துவிட்டே வரலாம்.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு பைட், கிரீன்விச் நேரத்திலிருந்து எத்தனை கால் மணி நேரம் தள்ளி என்று சொல்லும். நமக்கு ஐந்தரை மணி, அதாவது 22. நேபாளத்துக்கு 23. நியூயார்க்கின் குளிர்கால நேரம் கழித்தலில் 20. இந்தக் கழித்தல் குறியைக் கவனிக்காத மென்பொருள் அதை 236 (256-இல் 20 போக) என்று படிக்கும். கணக்குப் போட்டால் தேதி 256 கால் மணி, அதாவது 64 மணி நேரம் பிசகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதிய சிடிகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இது ஆயுளுக்கும் தெரியவராது.

பெயர்களின் வால்

ஐஎஸ்ஓ 9660-இன் முதல் நிலையில் பெயர்கள் பெரிய ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டுமே ஆனவை. வாலில் அந்த அரைப்புள்ளியும் 1-உம் வேறு. அது ஃபைலின் பதிப்பு எண். அதை மறைத்துக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பின்னொட்டு இல்லாத ரீட்மீ ஃபைலுக்குக்கூடத் தரப்படி ஒரு புள்ளி உண்டு. வாலை வெட்டியபின் அந்தப் புள்ளி தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விவகாரம் அமிகாவிலும் டாஸிலும் தொல்லை தராது. இரண்டுமே வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். சிடியில் இருக்கும் வலைப்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு படத்தைக் கேட்க, மென்பொருள் அந்தப் பெயரைப் பெரிய எழுத்திலேயே காட்டினால் படத்துக்குப் பதில் உடைந்த சதுரம்தான் தெரியும்.

விண்டோஸ் 95 காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்ற நீட்டிப்பைக் கொண்டுவந்தது. அதில் 64 எழுத்து வரை யூனிகோடில் பெயர் வைக்கலாம், தமிழிலும் வைக்கலாம். ஆனால் அந்த 64-ஐ நம் கண்ணால் எண்ணக் கூடாது. "திருக்குறள்" நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால் 11. ஒரு நீளமான தமிழ்ப் பெயரை வைத்துப் பார்த்தால், மென்பொருள் அதை நடுவில் வெட்டும்போது ஒரு மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் உதிர்ந்துபோகிறதா என்பது தெரிந்துவிடும். தமிழ் தெரிந்தவர் செய்தால்தான் கண்ணில் படக்கூடிய சோதனை இது.

இமேஜ் போதாத இடங்கள்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை சிடியே இல்லாமல் செய்யலாம். எம்கேஐசோஎஃப்எஸ் மாதிரிக் கருவியால் ஐஎஸ்ஓ ஃபைல் தயாரித்து, அமிகா என்றால் வின்யுஏஇ, பழைய பிசி என்றால் 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) மாட்டிவிடலாம். டாஸ் மென்பொருள்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் ஒரு எச்சரிக்கை: அதற்குள்ளேயே எம்எஸ்சிடெக்ஸின் வேலையைச் செய்யும் பகுதி இருக்கிறது. அங்கே சிடி ஓடினால் பாராட்டு டாஸ்பாக்ஸுக்குத்தான் போகும், உங்கள் மென்பொருளுக்கு அல்ல.

ஆனால் ஐஎஸ்ஓ ஃபைலில் 2048 பைட் செக்டர்கள் மட்டும்தான் இருக்கின்றன. நிஜ சிடியில் ஒரு செக்டர் 2352 பைட். மிச்சத்தில் முகவரியும் பிழை திருத்தும் குறியீடும் இருக்கும். சாதாரண சிடியில் தரவு 16 பைட் தள்ளித் தொடங்கும், 1992-இல் வந்த கோடாக் ஃபோட்டோ சிடி வகையில் 24 பைட் தள்ளி. போதாக்குறைக்கு, ஃபோட்டோ சிடியில் பாதி ஃபிலிமை இன்றும் மீதியை அடுத்த மாதமும் எழுதலாம். அப்போது கடைசியாக எழுதிய பகுதியின் 16-வது செக்டரைப் படிக்க வேண்டும், சிடியின் 16-வது செக்டரை அல்ல. தப்பினால் பழைய படங்கள் மட்டும் தெரியும். இதற்கு நிஜமாகவே இரண்டு தடவையாக எழுதிய சிடி ஒன்று வேண்டும்.

சிடியை மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். பட்டியலைக் காட்டவைத்துவிட்டு, சிடியை எடுத்து வேறொன்றைப் போட்டு, மறுபடி பட்டியலைக் கேளுங்கள். வேகத்துக்காகப் பழைய பதிவேட்டை நினைவகத்தில் வைத்திருக்கும் மென்பொருள், புது சிடிக்கும் பழைய பட்டியலையே வாசிக்கும். டிரைவைத் திறந்து வைத்துக்கொண்டும் ஒருமுறை கேளுங்கள். எம்எஸ்சிடெக்ஸ் "டிரைவ் தயாராக இல்லை" என்று சிடிஆர்101 என்ற எண்ணோடு சொல்லும். உங்களுடையதும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

கடைசியாகக் கீறல். நல்ல சிடியைக் கீற மனம் வராதென்றால், அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போடலாம், துடைத்தால் போய்விடும். மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக மெல்லிய கோடு போட்டால் டிரைவ் பெரும்பாலும் அதைத் தானாகவே திருத்திக்கொண்டு படித்துவிடும். தடத்தோடு ஒட்டி வளைந்து போகும் கோடுதான் அதைத் திணறவைக்கும். நம் 100 ஃபைல் சிடியில் அப்படி ஒரு வளைவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் காப்பி செய்யச் சொல்லுங்கள். படிக்க முடியாத ஃபைல் எது என்று பெயரோடு சொல்லிவிட்டு மற்றவற்றைக் கொடுக்க வேண்டும். ஒரே செக்டரை முடிவில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, அந்த நேரத்தில் மவுஸ் நகரவும் வேண்டும். அப்புறம் மையைத் துடைத்துவிட்டு அதே மென்பொருளால் மறுபடி காப்பி செய்து, நூறு செக்சம்மும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.